புகைப்பவர் உள்ளே, இருமுபவர் வெளியேவா?

திருநெல்வேலி டவுணில் வாகையடி முக்கிலோ, ரத வீதிகளிலோ, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு டீக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பத்திரிகை ஐந்து தாள்களாகப் பிரிந்து ஐந்து கைகளில் இருக்கும். டில்லி முதல் பேட்டை வரை எல்லா விவகாரங்களும் அங்கே அலசப்படும். மூன்று பேர் விரலிடுக்கில் பீடி புகையும். நான்காமவர் புகைப்பதில்லை, ஆனால் பழகிக்கொண்டார். ஐந்தாமவரைப் பற்றித்தான் இன்று நாம் எழுத வந்தோம்.

அவர் மூட்டை சுமக்கும் தொழிலாளியாக இருக்கலாம். ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக இருக்கலாம். அவருக்கு இழுப்பு உண்டு. இரண்டு மிடறு டீ உள்ளே போவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. அவர் யாரையும் கடிந்துகொள்வதில்லை. கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, வாசலுக்கு வெளியே சாக்கடை ஓரம் போய் நின்று குடிக்கிறார்.

எழுந்து வெளியே போக வேண்டியவர் யார்? காற்றைக் கெடுத்தவரா, கெட்ட காற்றால் திணறுபவரா? தாமிரபரணித் தண்ணீரில் ஒருவன் கழிவைக் கொட்டினால், “குடிக்கிறவன் வேறு ஆற்றுக்குப் போகட்டும்” என்று நாம் சொல்வோமா? ஊர் திரண்டு நியாயம் கேட்கிறோம் அல்லவா? காற்றுக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

இது ஏதோ பண்பாடு, நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயம், “தயவு செய்து” என்று கேட்டு வாங்க வேண்டிய சலுகை என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. இது உழைப்பவனின் மூச்சைப் பற்றிய உரிமைப் பிரச்னை. இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறோம்: இதில் முதல் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்களில் நாமும் ஒருவர். அதையும் ஒளிக்காமல் எழுதுவோம்.

வைத்தியம் என்ன சொல்கிறது?

நம் பக்கத்து ஜனங்கள் இழுப்பு என்று சொல்லும் ஆஸ்த்மா நோய் உள்ளவருக்கு மூச்சுக் குழாய்களின் உட்சுவர் எப்போதும் புண்பட்டதுபோல் இருக்கிறது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் தூசி, குளிர், புகை எது பட்டாலும் அது சீறுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரந்து வழியை அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லை. அதைத்தான் நாம் விசில் அடிப்பது போன்ற ஓசையாகக் கேட்கிறோம்.

புகையிலைப் புகையில் இரண்டு வகை உண்டு. புகைப்பவர் இழுத்து வெளியே ஊதுவது ஒன்று. ஒரு தம்முக்கும் அடுத்த தம்முக்கும் இடையே பீடியின், சிகரெட்டின் நுனி தானே கனன்று விடும் புகை மற்றொன்று. பிறர் சுவாசிக்க நேரும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். அது யாருடைய நெஞ்சிலும் வடிகட்டப்படாமல் நேரே அறைக்குள் பரவுகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், விசிறியைச் சுழலவிட்டால் போதும் என்பது பிரமை. பிறர் புகையில் ‘இந்த அளவு வரை ஆபத்தில்லை’ என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-இல் வெளியிட்ட அறிக்கை அறுதியிட்டுக் கூறியது.

பிறர் புகை, இல்லாத இழுப்பைப் புதிதாக உண்டாக்குமா? வளர்ந்த ஆண் பெண்கள் விஷயத்தில் அதே அறிக்கை நிதானமாகவே பேசிற்று. சான்றுகள் அந்தத் திசையைக் காட்டினாலும் அறுதியான தீர்ப்புச் சொல்லவில்லை. நாமும் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் அந்தச் சான்றுகள் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. பின்லாந்து நாட்டில் 21 முதல் 63 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், வேலையிடத்தில் பிறர் புகைக்கு ஆளானவர்களுக்குப் புதிதாக ஆஸ்த்மா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு எனவும், வீட்டில் ஆளானவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு எனவும் கண்டார்கள். நம் நாட்டிலும் சண்டிகார், டில்லி, கான்பூர், பெங்களூர் ஆகிய நான்கு இடங்களில் புகைக்காத மக்களையே ஆராய்ந்து, வீட்டில் பிறர் புகையைச் சுவாசிப்பவர்களிடம் ஆஸ்த்மாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்டார்கள்.

ஏற்கெனவே இழுப்பு உள்ளவரைப் புகை மேலும் துன்புறுத்துகிறது என்பதை அறிய ஆராய்ச்சிச்சாலைக்குப் போக வேண்டியதில்லை. நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் எந்த இழுப்பு நோயாளியையும் கேட்டால் சொல்வார்.

இந்தியாவில் ஆஸ்த்மா உள்ளவர்கள் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. உலக ஆஸ்த்மா நோயாளிகளில் இது சுமார் எட்டில் ஒரு பங்கு. ஆனால் உலகில் ஆஸ்த்மாவால் சாகிறவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இந்தியர்கள்! நோய் எட்டில் ஒன்று, சாவு ஐந்தில் இரண்டு. இடையிலுள்ள வித்தியாசம் எதைக் காட்டுகிறது? கிடைக்காத மருந்தையும், தாமதமான வைத்தியத்தையும், ஒதுங்க இடமில்லாத வாழ்க்கையையும் காட்டுகிறது. இழுப்புப் பணக்காரனுக்கும் வரும். ஆனால் பணக்காரன் தன் அறையின் கதவைச் சாத்திக்கொள்ள முடியும்.

வீட்டுக்குள் வரும் புகை

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2016-17-இல் எடுத்த கணக்கைப் பாருங்கள். நூறு ஆண்களில் 19 பேர் புகைக்கிறார்கள். நூறு பெண்களில் 2 பேர். ஆனால் வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஆண் ஊதுகிறான், பெண் சுவாசிக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வயது வந்த பின் ஆஸ்த்மா பெண்களையே அதிகமாகப் பிடிக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேலப்பாளையத்திலோ, பேட்டையிலோ, முக்கூடலிலோ ஒற்றை அறை வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் காலையில் சமைக்கிறாள். விறகடுப்பு இன்னும் இருந்தால் அதன் புகை முதலாவது. பின்னர் மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூளை நிரப்பி, சுருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்டுகிறாள். அந்தப் புகையிலைத் தூசி இரண்டாவது. மாலையில் வேலை முடிந்து வரும் புருஷன் சுவரில் சாய்ந்து பீடி பற்ற வைக்கிறான். அந்தப் புகை மூன்றாவது. மூன்றையும் சுவாசித்துக்கொண்டு அவள் ஆயிரம் பீடிக் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கூலி குறையும். இருமிக்கொண்டே முடிக்கிறாள்.

அவளிடம் போய், “புகை இருக்கிற இடத்தில் இராதே அம்மா” என்று வைத்தியர் சொல்கிறார். அவள் எங்கே போவாள்?

சட்டம் இல்லையா?

சட்டம் இருக்கிறது. பொது இடங்களில் புகைப்பது பிறருடைய உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பஸ், ரயில் முதலிய இடங்களில் புகைப்பதை நாடெங்கும் தடுக்க உத்தரவிட்டது. 2003-இல் நாடாளுமன்றம் சட்டமே செய்தது. 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகள் வேலையிடங்களையும் சேர்த்துக்கொண்டன. பஸ் நிலையம் திறந்தவெளிதானே என்று தப்பிக்க முடியாதபடி அதையும் சேர்த்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பொது இடத்தின் பொறுப்பாளர் சாம்பல் கிண்ணமோ, தீப்பெட்டியோ, லைட்டரோ அங்கே வைத்துக் கொடுக்கக் கூடாது.

இத்தனையும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் கடையின் நிலைப்படியில் நூலில் கட்டி ஒரு லைட்டர் தொங்குகிறதே, அது எந்த விதியின் கீழ்த் தொங்குகிறது?

எல்லாமே வீண் என்றும் நாம் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பஸ்ஸுக்குள் புகைத்தார்கள். சினிமாக் கொட்டகைக்குள் திரைக்கும் நமக்கும் நடுவே புகைமண்டலம் மிதந்தது. இன்று அப்படி இல்லை. ஜனங்கள் மாறினார்கள். யாரும் அதற்காகப் புரட்சி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் “வெளியே போய்ப் பிடியுங்கள் அண்ணாச்சி” என்று சொல்லத் துணிந்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் முடிந்தது டீக்கடையில் ஏன் முடியாது?

மூன்று ஆட்சேபணைகள்

“பீடி ஏழையின் ஒரே சுகம்; அதையும் பறிக்கப் பார்க்கிறீர்களா?” என்று ஒரு நண்பர் கேட்பார். எவருடைய பீடியையும் நாம் பறிக்கவில்லை. கூரைக்கு வெளியே, ஜனங்கள் கூடாத இடத்தில் போய்ப் பிடிக்கட்டும் என்கிறோம். அவருடைய சுகத்தை மதிக்கச் சொல்பவர், பக்கத்திலிருப்பவரின் மூச்சையும் மதிக்க வேண்டாமா? இருவருமே ஏழைகள். சுகத்தை விட மூச்சு முந்தியது.

“சட்டத்தைக் கடுமையாக்கினால், தெருவோரத்து ஏழையின் பையிலிருந்துதான் அபராதம் பிடுங்குவார்கள்” என்பார் மற்றொருவர். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் தனி மனிதனைத் துரத்திப் பிடிப்பதை நாம் பெரிதாக நினைக்கவில்லை. இடத்தின் சொந்தக்காரரைப் பொறுப்பாளியாக்குங்கள். ஓட்டல் முதலாளி, அலுவலக அதிகாரி, ஆலை நிர்வாகி ஆகியோர் தத்தம் கூரையின் கீழ்ப் புகை இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை வேலையிடப் பாதுகாப்பாகவே கண்ட நாடு ஒன்று உண்டு. 2004 மார்ச் 29-ஆம் தேதி, நாட்டின் வேலையிடங்கள் அனைத்திலும் புகைப்பதைத் தடுத்த முதல் நாடு என்ற பெயரை அயர்லாந்து பெற்றது. வாடிக்கையாளரின் சௌகரியத்துக்காக அல்ல, மேஜைக்கு மேஜை நடந்து பரிமாறும் சிப்பந்தியின் நெஞ்சுக்காகவே அச்சட்டம் வந்தது. அங்கே பார் சிப்பந்திகளின் சங்கம் அதை ஆதரித்து நின்றது. 2006 மார்ச் 26-இல் ஸ்காட்லாந்து அதே வழியில் சென்றது. தடைக்கு முன்னும் பின்னும் 77 பார் சிப்பந்திகளை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். ஒன்றிரண்டு மாதங்களிலேயே இருமலும் மூச்சுத்தொல்லையும் குறைந்தன. ஆஸ்த்மா உள்ள சிப்பந்திகளுக்கு மூச்சுக் குழாயின் அழற்சியே தணிந்தது. மருந்தை மாற்றவில்லை; காற்றை மாற்றினார்கள். நமது ஓட்டல் சிப்பந்திக்கு அந்த நெஞ்சு இல்லையா?

மூன்றாவது ஆட்சேபணைதான் நம்மை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வைப்பது. “நெல்லைச் சீமையில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் பீடியில்தானே கஞ்சி குடிக்கின்றன? புகைக்கு எதிராகப் பேசினால் அந்தப் பெண்களின் வயிற்றில் அடிப்பதாகாதா?”

பீடி சுற்றும் கை யாருடையது?

ஆகாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நழுவ நாம் தயாரில்லை. அந்தப் பெண்கள் நம்மவர்கள். 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்ததும், 1976-இல் நலநிதிச் சட்டம் வந்ததும், முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென மத்திய அரசு மருத்துவமனை இருப்பதும் எவருடைய கருணையாலும் அல்ல. ஆனால் இன்றைய நிலை என்ன? நலநிதிக்காகப் பீடி மீது வசூலித்த தீர்வை 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. 1966-ஆம் வருஷத்துச் சட்டமும் 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. இந்தப் பெண்களின் வயிற்றில் அடிப்பவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். நிச்சயமாக, டீக்கடையில் இருமுகிற தொழிலாளி அல்ல!

பீடி முதலாளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூலி உயர்வு கேட்டால், “தொழில் நசிந்துவிட்டது” என்பார்கள். புகைக்கு எதிராக யாரேனும் பேசினால், “இலட்சக்கணக்கான ஏழைப் பெண்களின் கதி என்ன?” என்று கண்ணீர் வடிப்பார்கள். முந்தைய நாள் அதே பெண்ணின் கட்டில் குறை சொல்லிக் கழித்துத் தள்ளிய கைதான் மறுநாள் அவளுக்காகக் கண்ணீரைத் துடைக்கிறது. இந்தக் கண்ணீருக்கு நாம் மயங்கக் கூடாது.

புகையில்லாக் காற்றும் பீடிப் பெண்ணின் பிழைப்பும் எதிரெதிர்க் கோரிக்கைகள் அல்ல. இந்தியா 2004 பிப்ரவரியில் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். அதன் 8-ஆம் ஷரத்து, பிறர் புகையிலிருந்து மக்களைக் காக்க வேண்டும் என்கிறது. 17-ஆம் ஷரத்து, புகையிலைத் தொழிலாளருக்குக் கட்டுபடியாகும் மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. ஒரே காகிதம், ஒரே கையெழுத்து. 8-ஐ அரைகுறையாக நிறைவேற்றி, 17-ஐ மறந்துவிட்டது சர்க்கார். நமது வேலை 8-ஐ எதிர்ப்பதல்ல; 17-ஐ நினைவூட்டிப் போராடுவது.

மாற்றுப் பிழைப்பு கனவல்ல என்பதற்கு மலையைத் தாண்டினால் சாட்சி இருக்கிறது. 1966-ஆம் வருஷத்துச் சட்டத்தை அமல்படுத்த முற்பட்டபோது கேரளத்தின் கண்ணூரில் தனியார் முதலாளிகள் தொழிலை விட்டு வெளியேறினார்கள். 1969-இல் தொழிலாளர்கள் தினேஷ் பீடிக் கூட்டுறவு ஸ்தாபனத்தை அமைத்தார்கள். உச்ச நிலையில் சுமார் 42,000 பேர் அதில் வேலை செய்தார்கள். பின்னர் பீடிக்கு மவுசு குறைந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உணவுப் பொருள், குடை, ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கினார்கள். பீடி தந்த வேலை அத்தனைக்கும் அவை ஈடாகிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கூட்டுறவும், முதலீடும், சர்க்காரின் ஆதரவும் சேர்ந்தால் வழி திறக்கும் என்பதைக் கண்ணூர் காட்டியிருக்கிறது. சுளகில் அத்தனை வேகமாக ஓடும் விரல்களுக்கு வேறு தொழில் வராது என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

நம் வீட்டுக் கூடத்தில்

இனி நம்மைப் பற்றி. நமது இயக்கத்தின் கூட்டங்களுக்கு வந்தவர்கள் அறிவார்கள். இரவு பத்து மணிக்குத் தீர்மானம் விவாதத்துக்கு வரும்போது, பேசுபவர் முகம் பின்வரிசைக்குத் தெரியாத அளவுக்குப் புகை சூழ்ந்த நாட்கள் உண்டு. அது ஏதோ போராட்ட வாழ்வின் அடையாளம் என்றுகூட நாம் பெருமைப்பட்டோம். ஜன்னலோரம் இடம் தேடி உட்காரும் தோழரைக் கேலி செய்தோம். சில பெண் தோழர்கள் கூட்டத்துக்கு வந்து, அரைமணி நேரத்தில் எழுந்து போனார்கள். “குடும்பப் பொறுப்பு, அக்கறை போதாது” என்று எழுதி வைத்தோம். அவர்கள் போனது அக்கறை இல்லாமல் அல்ல, மூச்சு இல்லாமல் என்பதை நாம் கேட்டறியவில்லை. ஊரெல்லாம் உரிமை பேசிய நமக்கு, நம் கூடத்திலேயே ஒருவர் சுவாசிக்கும் உரிமையை இழந்து நின்றது கண்ணில் படவில்லை. இது நமது குற்றம்.

ஆகவே நாம் கோருவதை, நம்மிடமிருந்தே தொடங்குகிறோம்.

ஒன்று: இயக்க அலுவலகம், யூனியன் அலுவலகம், படிப்பகம் எதிலும் கூரையின் கீழ் இனிப் புகை கூடாது. தலைவருக்கும் இதே விதி. தொண்டருக்கும் இதே விதி.

இரண்டு: வீட்டுக்குள் பீடி பற்ற வைப்பதில்லை என்று ஒவ்வொரு தோழரும் முடிவெடுக்க வேண்டும். கூலிக்காக முதலாளியை எதிர்க்கத் துணிந்தவருக்கு, வாசற்படியைத் தாண்டி வெளியே போய் நிற்பது பெரிய தியாகம் அல்ல. விட்டுவிட விரும்புகிறவருக்கு அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் கிடைக்க வேண்டும்.

மூன்று: மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் ஓட்டல், டீக்கடை, பஸ் நிலையம், அலுவலகங்களில் 2008-ஆம் வருஷ விதிகளை அமல் செய்ய வேண்டும். சிறு கடைக்காரரை மிரட்டிக் காசு பறிக்க அதை ஆயுதமாக்கக் கூடாது. முதலில் பலகை, பிறகு எச்சரிக்கை, கடைசியில் அபராதம் என்ற வரிசை வேண்டும்.

நான்கு: இழுப்பு நோயாளிக்கு இன்ஹேலர் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்கு வருஷந்தோறும் நெஞ்சுப் பரிசோதனை நடக்க வேண்டும்.

ஐந்து: பீடித் தொழிலாளர் நலனுக்கு, பறிபோன தீர்வைக்கு ஈடாக நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும். மாற்றுத் தொழிலுக்குக் கூட்டுறவு முறையில் முதலீடும் பயிற்சியும் தர வேண்டும். அது வரும்வரை இன்றைய கூலியில் ஒரு காசுகூடக் குறையக் கூடாது.

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் ஓடும்போது, வடத்தை ஊர் கூடி இழுக்கிறது. தனியாக ஒருவர் இழுத்து அது அசைந்ததில்லை. காற்றும் அப்படித்தான். நாளைக் காலை டீக்கடைக்குப் போகும்போது பீடி பிடிக்கும் மூவரும் வாசலுக்கு வெளியே போய் நிற்கட்டும். இத்தனை நாளாகச் சாக்கடை ஓரம் நின்று குடித்தவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, பெஞ்சில் உட்கார வைத்து, “இருந்து குடியுங்க அண்ணாச்சி” என்று சொல்லட்டும். அங்கிருந்து தொடங்குவோம்.